காசு மூடிய டப்பாவை (ஸ்லாப்பை) உடைக்கலாமா, வேண்டாமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"என் மாமனார் ரயில்வேயில் இருந்தவர். காசு சேர்ப்பதென்றால் உயிர். போன வருடம் காலமாகிவிட்டார். பீரோவில் அவர் வைத்திருந்ததில் மூன்று காசுகள் மட்டும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாக்களில் மூடி இருக்கின்றன. ஒன்று 1911ஆம் வருடத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய், சீட்டில் 'ஏயூ 58' என்று இருக்கிறது. இன்னொன்று 1881ஆம் வருடத்து அமெரிக்க வெள்ளி டாலர், 'எம்எஸ் 63'. மூன்றாவது தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாய் நாணயம், அரசாங்க டப்பாவிலேயே ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். காலேஜில் படிக்கும் மகன் எல்லாவற்றையும் எடுத்து ஆல்பத்தில் போட வேண்டும் என்கிறான். சுத்தியலால் உடைக்கும் வீடியோ ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறான். மாமியார் அந்த ஜார்ஜ் ரூபாயை வரலட்சுமி நோன்புக் கலசத்தில் போடலாம் என்கிறார். தெரிந்த நகைக்கடைக்காரரோ, வெளியே எடுத்துக்கொண்டு வந்தால்தான் விலை சொல்ல முடியும் என்கிறார். வெந்நீரில் போட்டால் டப்பா திறக்குமா? நெயில் பாலிஷ் ரிமூவர் தடவினால் ஒட்டு விடுமா? காசுக்குக் கீறல் விழாமல் எடுப்பது எப்படி?"

அன்புள்ள சகோதரிக்கு,

உடைப்பதற்கு முன்னால் எழுதினீர்களே, அதுவே பெரிய விஷயம். மதுரையில் என் கடைக்கு இந்த மாதிரிக் காசோடு வருகிறவர்கள் பலர், காசை ஒரு கவரிலும் உடைந்த பிளாஸ்டிக்கை இன்னொரு கவரிலும் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். அந்த நிலையில் நான் சொல்வதற்கு அதிகம் இருக்காது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரூபாயை எடுக்காதீர்கள். டாலரை எடுப்பதானால் எடுக்கலாம், பெரிய நஷ்டமில்லை. தஞ்சாவூர் நாணயம் அதன் டப்பாவிலேயே இருக்கட்டும், ஆனால் அந்த ரப்பர் பேண்டை இன்றைக்கே கழற்றுங்கள்.

உங்கள் முதல் இரண்டு காசுகள் இருக்கும் டப்பாவைத்தான் சேகரிப்பாளர்கள் ஸ்லாப் என்கிறார்கள். அமெரிக்காவில் 1986இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனமும், அடுத்த வருடம் என்.ஜி.சி. நிறுவனமும் இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தன. காசு அசலா என்று பார்ப்பார்கள், தேய்மானத்தையும் கீறலையும் பார்த்து 1 முதல் 70 வரை ஒரு எண் கொடுப்பார்கள், பிறகு இரண்டு பிளாஸ்டிக் பாதிகளுக்கு நடுவே வைத்து, காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் விளிம்புகளை உருக்கி ஒட்டிவிடுவார்கள். பசையும் இல்லை, திருகும் இல்லை, திறப்பதற்கென்று ஒரு வழியும் வைக்கவில்லை. திறந்தால் திறந்தது தெரிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கமே.

அதனால் ஸ்லாப்பை உடைக்கும்போது பிளாஸ்டிக் மட்டும் போவதில்லை. "இது அசல், இந்தத் தரம்" என்று அந்த நிறுவனம் கொடுத்த உத்தரவாதமும் அந்த நிமிடமே போய்விடும். சீட்டைப் பத்திரமாக எடுத்து வைத்து, "இந்தக் காசு இந்தச் சீட்டோடு இருந்ததுதான்" என்று நீங்கள் எவ்வளவு சொன்னாலும் வாங்குகிறவர் நம்ப வேண்டிய அவசியமில்லை. வைகை மணலில் அரித்தெடுத்த செப்புக் காசுகளைத் தொட்டுத் தடவிப் பார்த்தே பழகிய நம்மூர்ப் பெரியவர்களுக்கு இந்த டப்பாக் கலாசாரமே வேடிக்கையாக இருக்கும். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் விற்பது வாங்குவது என்று வந்துவிட்டால் நம் ரசனையை ஓரமாக வைக்க வேண்டியதுதான்.

உங்கள் 1911 ரூபாய் விஷயத்தில் இது ரொம்பவே முக்கியம். அந்த வருடத்து ரூபாய்க்குச் சேகரிப்பாளர்கள் நடுவே 'பன்றி ரூபாய்' என்று பெயர். மன்னரின் அங்கியில் ஒரு சின்ன யானை உருவம் இருக்கிறது. தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் அது பன்றி மாதிரித் தெரிகிறது என்று புகார் கிளம்பி, காசைத் திரும்பப் பெற்றார்கள். 1912இல் யானையைத் திருத்தி மறுபடி அடித்தார்கள். அதனால்தான் 1911க்கு மற்ற வருடங்களைவிட மதிப்பு. கிராக்கி இருக்கும் காசுக்குப் போலியும் இருக்கும். வருட எண்ணைச் சுரண்டி மாற்றியதும் உண்டு. அப்படிப்பட்ட காசு, ஏறக்குறையப் புழங்காத நிலையில், அசல் என்ற சான்றோடு உங்களிடம் இருக்கிறது. ஏயூ 58 என்றால் மேடான இடங்களில் மட்டும் லேசான தேய்மானம் என்று பொருள். டப்பா இல்லாமல் அதையே எடுத்துப் போனால், "கழுவின காசு மாதிரி இருக்கே" என்று எதிரில் இருப்பவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேரம் அங்கிருந்துதான் தொடங்கும்.

நகைக்கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை. அவருக்குத் தெரிந்த விலை வெள்ளி விலை. அதற்கு எடை வேண்டும், உரைகல் வேண்டும். ஸ்லாப்புக்குள் இருக்கும் காசை எடை போடவும் முடியாது, உரைக்கவும் முடியாது, எக்ஸ்ரே மெஷினும் பிளாஸ்டிக் வழியாகச் சரியாகக் காட்டாது. ஆனால் உரைகல்லில் ஒரு தேய்ப்பு தேய்த்தாலே விளிம்பில் பளபளவென்று ஒரு தட்டையான தழும்பு விழும். லென்ஸ் வைத்துப் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். தெற்காவணி மூல வீதியில் நகைக்கு விலை கேளுங்கள், இந்த ரூபாய்க்கு வேண்டாம். ஸ்லாப்பின் சீட்டில் ஒரு எண் இருக்கும். அதை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் எந்தக் காசு, என்ன தரம் என்று வரும். பல காசுகளுக்குப் படமும் இருக்கும். படத்தில் இருக்கும் புள்ளியும் கறையும் உங்கள் கையில் இருக்கும் காசோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டப்பாவையே போலியாகச் செய்கிறவர்களும் இருப்பதால் இதைச் செய்துவிட்டுத்தான் மற்ற எதுவும்.

இன்னொன்று. வேறு நிறுவனத்தின் டப்பாவுக்கு மாற்றித் தருகிறோம், தரம் கூடுதலாகக் கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால், காசை வெளிநாட்டுக்குப் பார்சல் போட்டுவிடாதீர்கள். நூறு வயது கடந்த நாணயம் 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம்.

சரி, டாலருக்கு வருவோம். உங்களிடம் இருப்பது மார்கன் டாலர், 26.73 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. பின்பக்கம் கழுகின் கீழே 'எஸ்' என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சான்பிரான்சிஸ்கோவில் அடித்தது. அந்த வருடத்து சான்பிரான்சிஸ்கோ டாலர்கள் நல்ல நிலையில் ஏராளமாகக் கிடைக்கின்றன. 'எம்எஸ்' என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. அதில் 63 என்பதும் சாதாரணத் தரம்தான். இதை எடுத்து ஆல்பத்தில் வைத்து உங்கள் மகன் கையில் பார்த்து ரசிக்க விரும்பினால் நான் தடுக்க மாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை: ஸ்லாப் எந்தக் காலத்தது என்று பாருங்கள். 1980களின் கடைசியில் வந்த ஆரம்பகால டப்பாக்களை டப்பாவுக்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சின்னதாக, ஆட்டினால் உள்ளே காசு லேசாகச் சத்தம் போடுகிற டப்பாவாக இருந்தால் அதைத் தொடாமல் எனக்குப் படம் அனுப்புங்கள்.

இப்போது எப்படி எடுப்பது என்பது. நீங்கள் கேட்ட இரண்டு வழியையும் முதலில் தள்ளிவிடுவோம். வெந்நீர் வேண்டாம். ஸ்லாப் காற்றுகூடப் புகாத டப்பா இல்லை, தண்ணீர் தாராளமாக உள்ளே போகும். ஒட்டு விடாது, காசுதான் ஊறும். சூடு அதிகமானால் பிளாஸ்டிக் வளைந்து காசின் மேலேயே அமுங்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் அதைவிட மோசம். அதில் இருக்கும் அசிட்டோன் இந்த மாதிரி பிளாஸ்டிக்கைக் கொழகொழவென்று கரைக்கும். கரைந்தது வழிந்து காசின் மேல் படலமாகக் காய்ந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. வாசனை எண்ணெயும் சாயமும் வேறு கலந்திருக்கும். தின்னரும் அப்படித்தான். ஆக்சா பிளேடு வைத்து அறுப்பவர்களும் உண்டு. அறுக்கும் தூள் முழுக்க உள்ளே காசின் மேல்தான் விழும், கை ஒரு முறை வழுக்கினால் பிளேடும் விழும்.

சுத்தியல் வீடியோ நானும் பார்த்திருக்கிறேன். துண்டில் சுற்றி ஓங்கி ஒரு போடு. உடையத்தான் செய்யும். உடைந்த சில்லு எந்தப் பக்கம் போகும் என்பது நம் கையில் இல்லை. கண்ணாடிச் சில்லு மாதிரிக் கூர்மையான துண்டுகள் காசோடு சேர்ந்து துண்டுக்குள் உருளும். டாலரின் பெண் முகத்தில், கன்னத்தில், ஒரு கோடு விழுந்தால் போதும். அந்தக் கன்னம் ஒரு வேலைப்பாடும் இல்லாத வெறும் மேடு என்பதால், 63க்கும் 65க்கும் வித்தியாசத்தைப் பெரும்பாலும் அங்கேதான் பார்ப்பார்கள்.

நல்ல வழி கட்டிங் பிளேயர். பெரியது வேண்டும், வயர் வெட்டும் சின்ன வகை போதாது. பத்தர்கள் வைத்திருக்கும் வெட்டுக்குறடு கிடைத்தால் இன்னும் நல்லது. தட்டையான திருப்புளி ஒன்று. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறேனே என்று மகன் சொன்னால் கேட்காதீர்கள், சில்லு பக்கவாட்டில் வரும். மேஜை மேல் கெட்டியான டர்க்கி டவலை இரண்டாக மடித்து விரியுங்கள். மொசைக் தரையில் உட்கார்ந்து செய்ய வேண்டாம். ஃபேனை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் கஷ்டம்தான், காலையிலேயே செய்துவிடுங்கள்.

உடைப்பதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம், சீட்டின் எண் மூன்றையும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். ஸ்லாப்பைப் பார்த்தால் மேல் பகுதியில் சீட்டு, கீழ்ப் பகுதியில் காசு இருக்கும். வேலை முழுக்க சீட்டு இருக்கும் பக்கம்தான் நடக்க வேண்டும். காசு இருக்கும் பாதியைக் கருவி தொடவே கூடாது. மேல் மூலையில் பிளேயரின் வெட்டும் வாயை நான்கைந்து மில்லிமீட்டர் மட்டும் கடிக்க வைத்து, மேலே டவலின் ஓரத்தைப் போர்த்தி, நிதானமாக அழுத்தச் சொல்லுங்கள். 'டக்'கென்று சத்தம் வரும். எடுத்துப் பார்த்தால் விளிம்பு ஓரமாக வெள்ளை வெளேரென்று ஒரு கோடு ஓடியிருக்கும். ஒட்டு விட்டதற்கு அதுதான் அடையாளம். அப்புறம் அடுத்த மேல் மூலை. இரண்டும் விட்டபின் மேல் விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு இடைவெளி தெரியும். திருப்புளியின் நுனியை அதில் லேசாக வைத்துத் திருக வேண்டும், உள்ளே குத்தித் தள்ளக் கூடாது. தள்ளினால் நேராகக் காசில் போய் நிற்கும். திருகத் திருக ஒட்டு கீழ்நோக்கிப் பிரிந்துகொண்டே போகும். முக்கால்வாசி பிரிந்ததும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, ஸ்லாப்பை டவலை ஒட்டிப் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு மேல் பாதியைத் தூக்கினால் கழன்றுவிடும். உயரத்தில் பிடித்துக்கொண்டு பிய்த்து இழுத்தால் காசு எகிறும்.

காசு தனியாக விழாது. அதைச் சுற்றி ஒரு வளையமோ வெள்ளைச் சட்டமோ இருக்கும். சில சட்டங்களில் சின்னச் சின்னப் பற்கள் காசின் விளிம்பைப் பிடித்திருக்கும். நகத்தை விட்டு நெம்ப வேண்டாம். சட்டத்தைக் கவிழ்த்துப் பிடித்து, ஓரங்களை லேசாக விரித்தால் டவலில் விழுந்துவிடும்.

கை பழக வேண்டுமானால், பரணில் பழைய ஆடியோ கேசட் டப்பா கிடந்தால் அதில் பிளேயர் வைத்து ஒன்றிரண்டு மூலையை உடைத்துப் பார்க்கட்டும். கெட்டிப் பிளாஸ்டிக் எப்படித் திடீரென்று விடும், சில்லு எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துகொண்டால் காசின் மேல் கை வைக்கும்போது நிதானம் வரும்.

காசு கெடுவது பெரும்பாலும் உடைக்கும்போது இல்லை, வெளியே வந்த அடுத்த நிமிடத்தில்தான். பிளாஸ்டிக் தூள் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்ததும் வேட்டி நுனியோ சட்டை நுனியோ தானாக வந்துவிடும். ஒரே ஒரு துடைப்பில் தூள் முழுவதும் காசின் மேல் கோடு போடும், அந்தக் கோடுகள் எந்தக் காலத்திலும் போகாது. வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் தெறித்த இடம் பிற்பாடு புள்ளியாகக் கறுக்கும். கேமரா லென்ஸுக்கு ரப்பர் ஊதுகுழல் விற்கிறதே, அதால் ஊதுங்கள். பிடிப்பது விளிம்பில் மட்டும். விபூதி, பல்பொடி, பூந்திக்கொட்டை, புளி என்று நம் வீடுகளில் வெள்ளியைப் பளபளப்பாக்கும் எதையும் காசின் பக்கம் கொண்டுவரக் கூடாது. குத்துவிளக்குக்கு நல்லது, இதற்கு விஷம். சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பினால் தங்கள் கணக்கிலிருந்து அந்த எண்ணை எடுத்துவிடுவார்கள். அனுப்பாவிட்டாலும் காசோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

ஆல்பம் வாங்குவதில்தான் உங்கள் மகன் ஏமாற வாய்ப்பு அதிகம். மெத்தென்று வளையும், பிரித்தவுடன் புது மழைக்கோட்டு வாசனை அடிக்கும் பக்கங்கள் இருந்தால் அது பி.வி.சி. நாளாக நாளாக அதிலிருந்து அமிலம் கசிந்து, காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுவென்று படியும். செம்பு கலந்த எந்தக் காசையும் அது அரிக்கும். ஸ்லாப்பிலிருந்து எடுத்து பி.வி.சி. ஆல்பத்தில் போடுவது, வீட்டை விட்டுத் தெருவில் விடுவது போலத்தான். அதற்கு ஸ்லாப்பிலேயே விட்டுவிடலாம். மைலார் (பி.வி.சி. இல்லாத ஒரு வகைப் பிளாஸ்டிக்) உறை கேளுங்கள், அல்லது காசின் அளவுக்கான வட்டக் கேப்சூல். மார்கன் டாலருக்கு 38 மில்லிமீட்டர். அட்டை உறையாக இருந்தால் ஸ்டேப்ளர் பின்னின் முனைகளைத் தட்டையாக அழுத்திவிடுங்கள், பக்கத்துக் காசைக் கீறுவது அவைதான்.

தஞ்சாவூர் நாணயத்தைப் பற்றிச் சுருக்கமாக. 35 கிராம், அதில் நூற்றுக்கு எண்பது வெள்ளி, மீதி செம்பு. நம் நாட்டின் முதல் ஆயிரம் ரூபாய் நாணயம் அதுதான். புழக்கத்துக்கு விடாமல் சேகரிப்பாளர்களுக்காகவே அடித்ததால், டப்பாவும் அதோடு வந்த தாளும் சேர்ந்துதான் விலை. எடுத்தால் திரும்ப அதேபோல் மூட வராது. ரப்பரில் கந்தகம் இருக்கிறது, அது வெள்ளியைக் கறுக்கும். பேண்ட் டப்பாவுக்கு வெளியேதானே என்று இருக்க வேண்டாம், வருடக்கணக்கில் வேலை செய்யும். பீரோவில் அந்துருண்டை போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அதன் ஆவி சில வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்கை மங்கலாக்கி இளக்கிவிடும். செய்தித்தாளில் சுற்றி வைப்பதும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம பக்கம் ஈரம் ஏறும்போது சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வைத்தால் போதும்.

மாமியார் ஆசைதான் பாக்கி. கலசத் தண்ணீரில் மஞ்சளோடும் குங்குமத்தோடும் அந்த 1911 ரூபாய் ஒரு நாள் ஊறினால், தரம் 58 என்ற பேச்சே இருக்காது. பெரியம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஜார்ஜ் மன்னர் ரூபாயில் 1912க்கும் 1920க்கும் இடைப்பட்ட வருடங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. தேய்ந்த காசாகக் கேட்டால் வெள்ளி விலையை ஒட்டியே கொடுப்பார்கள். 11.66 கிராம் எடை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். தேய்ந்ததென்றால் கொஞ்சம் குறையும், அது பரவாயில்லை. 1940 முதல் 1945 வரை அடித்ததாக இருந்தால் வெள்ளி பாதிதான், அதனால் வருடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். காசுமாலையிலிருந்து கழற்றியது என்றால் விளிம்பில் பற்றவைத்த அடையாளம் இருக்கும். சேகரிப்பவர் தொட மாட்டார், கலசத்துக்குத் தாராளமாக ஆகும், விலையும் இன்னும் குறைத்துக் கேட்கலாம்.